துளசிமணிக்குப் பொம்மை பிடிக்காது

என் அம்மாவுக்குப் பொம்மை பிடிக்காது.

அவள் கருமாதிக்கு வந்தவர்கள் எங்கள் வீட்டு ஹாலில் இருக்கும் ஷோகேஸ் முன்னால் சற்று நின்றார்கள். பிறகு எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். "துளசிமணிக்குப் பொம்மைன்னா உசுருங்க." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பந்திக்குப் போனார்கள். அப்பாவின் தங்கை சிவகாமி அத்தை கண்ணாடிக் கதவைத் தள்ளிவைத்து ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

"இது கன்னியாகுமரியில வாங்குனது. இது மைசூரு. இது நானும் எங்க ஊட்டுக்காரரும் சிங்கப்பூர் போனப்போ. எங்கே போனாலும் அண்ணிக்கு ஒண்ணு வாங்காம வந்ததில்லைங்க."

அது உண்மை. எங்கே போனாலும் வாங்கி வந்தார்கள். எங்கேயும் அவளைக் கூட்டிப் போகவில்லை.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில். வாய்க்கால் பாசனம். நெல், வாழை, வரப்போரம் தென்னை. இவற்றோடு கறவை மாடுகள். அம்மா கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாடுகள் அவள் பொறுப்பு. விடிவதற்குள் ஒரு கறவை, பொழுது சாயும் முன் ஒரு கறவை. பாலைத் தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டு பால் சொசைட்டிக்கு நடப்பாள். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அதனால் அம்மாவுக்கும் கிடையாது.

முதல் பொம்மை வந்த கதையை அத்தையே பெருமையாகச் சொல்வாள். அம்மாவுக்குக் கல்யாணமான மறு வருடம். குடும்பத்தோடு கன்னியாகுமரிக்கு வேன் பேசினார்கள். அம்மா கட்டிக்கொள்ளச் சேலை எடுத்து மடித்து வைத்துவிட்டாள். கிளம்புகிற அன்று ஒரு மாடு கன்று போடுகிற மாதிரி நின்றது. யார் வீட்டில் இருப்பது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் பதில் தெரிந்திருந்தது. வேன் போயிற்று. திரும்பி வந்தபோது அத்தை ஒரு ஜோடி அன்னத்தை அம்மாவின் கையில் வைத்தாள். சிப்பிகளை ஒட்டிச் செய்தது. அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நல்லாருக்குதுங்க" என்றாள்.

வேறு என்ன சொல்வாள்? எங்கள் பக்கத்தில் உப்பில்லாத சாம்பாரையும் நல்லாருக்குதுங்க என்றுதான் சொல்வோம். கொடுத்தவர் மனசு வாடக் கூடாது. அதற்காகச் சொல்கிற சொல் அது. கேட்கிறவர்களுக்கும் அது தெரியும். ஆனால் அன்றைக்கு அவர்கள் அதை அப்படியே நம்பினார்கள். நம்புவது வசதியாக இருந்தது. ஒருத்தியை விட்டுவிட்டுப் போய்வந்த கூச்சம் ஒரு சிப்பிப் பொம்மையில் தீர்ந்தது.

அடுத்த பயணத்தில் ஒரு களிமண் கிளி. அதற்கடுத்து ஒரு தலையாட்டிப் பொம்மை. பிறகு யாரும் யோசிக்கவில்லை. பஸ் ஏறும்போதே "துளசிமணிக்குப் பொம்மை" என்று நினைவில் வைத்துக்கொண்டார்கள். அப்பாவின் பங்காளிகள், அத்தையின் மகள்கள், சபரிமலைக்குப் போன பக்கத்துத் தோட்டத்துக்காரர் வரைக்கும் பழக்கம் பரவியது. என் கல்லூரிச் சுற்றுலாவில் நான் வாங்கி வந்த கண்ணாடி டால்பினும் அங்கேதான் இருக்கிறது. பொம்மை சேர்க்கிறவர்கள் ஆசையால் சேர்க்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். சிறுவயது ஏக்கம், இழந்தவற்றின் நினைவு என்றெல்லாம் காரணம் எழுதுகிறார்கள். என் அம்மா ஒரு பொம்மைகூட வாங்கியதில்லை. அவள் சேர்க்கவில்லை. அவள் மேல் சேர்த்தார்கள்.

வீட்டை இடித்துக் கட்டியபோது ஹாலில் தேக்குமரத்தில் ஷோகேஸ் செய்தார்கள். உள்ளே டியூப்லைட். "உன்ற பொம்மைக்குத்தான் இவ்வளவு பெரிசாச் செஞ்சிருக்குது" என்று அப்பா சொன்னார். சமையலறையில் ஒரு ஜன்னல் கேட்டிருந்தாள். புகை போவதற்கு. அதற்கு இடமில்லை என்றார்கள்.

தீபாவளிக்கு முன்னாலும் பொங்கலுக்கு முன்னாலும் அம்மா எல்லாப் பொம்மைகளையும் வெளியே எடுத்துத் தரையில் பரப்புவாள். ஈரத்துணியால் துடைப்பாள். சிப்பி இடுக்குகளில் தூசி ஏறியிருக்கும். தீக்குச்சியால் நோண்டுவாள். கழன்ற வாலைப் பசை போட்டு ஒட்டுவாள். மாட்டைக் குளிப்பாட்டிய கையோடு இதற்கும் உட்காருவாள். பரிசு என்று சொல்லிக் கொடுத்தவை எல்லாம் அவளுக்குக் கூடுதல் வேலை. ஷோகேஸ் பக்கம் நின்று பாராட்டியவர்களில் ஒருவர்கூடத் துணியை எடுத்ததில்லை.

அவளை ஏன் கூட்டிப் போகவில்லை என்பதற்கு வீட்டில் இரண்டு காரணங்கள் வைத்திருந்தார்கள். ஒன்று, "மாடு அவ கைக்குத்தான் பால் எறக்கும். வேற ஆள் தொட்டா ஒதைச்சுப்போடும்." இன்னொன்று, "அவளுக்கு வேன் ஆகாது. வாந்தி எடுத்துப்போடுவா."

அவள் மூத்த மகள் நான். கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மோட்டார் ஓடவில்லை என்று வந்தால், சொல்லப்பட்ட காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து விலக்க வேண்டும். மிஞ்சுவதுதான் காரணம்.

வாந்திக் காரணம் ஒரு பஸ் பயணத்தில் போய்விட்டது. கண்ணில் புரை விழுந்து அம்மாவை ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கண் டாக்டரிடம் காட்ட நான் கூட்டி வந்தேன். விடியக் கறந்துவிட்டுக் கிளம்பி, சாயங்காலக் கறவைக்குள் அம்மா திரும்பிவிட்டாள்; நடுவில் மட்டும் பக்கத்து வீட்டு வள்ளியாத்தாள் மாட்டைப் பார்த்துக்கொண்டாள். கோபியிலிருந்து டவுன் பஸ் மாதிரி நின்று நின்று போகிற வண்டி. அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். வழியெல்லாம் வெளியே பார்த்தாள். வாந்தி எடுக்கவில்லை. காந்திபுரத்தில் இறங்கியதும் சூடாகப் போண்டா கேட்டாள். சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கடையில் பீங்கான் பொம்மைகள் அடுக்கி வைத்திருந்தார்கள். நான் நின்றேன்.

"அம்மா, அந்த மயிலு நல்லாருக்குது. வாங்கட்டுமா?"

அம்மா என்னைப் பார்த்த பார்வை நினைவிருக்கிறது. "அட, போ கண்ணு. ஊட்டுல இருக்கறதத் தொடைச்சே என்ற இடுப்பு போச்சு."

"உனக்குப் பொம்மை புடிக்குமல்லோ?"

"யாரு சொன்னா?"

"எல்லாரும்தான்."

"எல்லாருக்கும் புடிக்குது" என்றாள். அதற்கு மேல் நடந்துகொண்டே சொன்னாள். "ஆசையா வாங்கிட்டு வாறாங்க. வேண்டாங்கன்னு எப்படிச் சொல்றது? மனசு சங்கடப்படுமல்லோ. நீயும் ஆருகிட்டயும் சொல்லிப்போடாதே."

நான் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

இந்த ஐப்பசியில் அப்பாவும் அத்தையும் அத்தை வீட்டு மாமாவும் ஆக்ரா, காசி என்று ஒரு டூருக்குப் போனார்கள். வீட்டில் அம்மாவும் தம்பி மிதுனும் அவன் மனைவி பிரவீனாவும். ஒரு நாள் காலை, கறந்து முடித்ததும் தோள்பட்டை வலிக்கிறது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பிரவீனா ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றாள். "பாலை ஊத்திட்டு வந்துடறேன் கண்ணு. கெட்டுப்போயிரும்." சொசைட்டிக்கு நடந்து போனாள். பாலை ஊற்றினாள். திரும்பி வந்து கட்டுத்தரையில் மாடுகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். மிதுன் காரில் தூக்கிப்போட்டுக்கொண்டு கோபிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது.

எங்கள் வீட்டில் யாருக்கும் அன்று வரை ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் இல்லாமல் இருந்ததில்லை. அவளுக்கு மட்டும் நேரம் இல்லை.

அப்பா மற்ற இருவரோடும் விமானத்தில் வந்து சேர்ந்தார். அடக்கம் செய்வதில்லை, எங்களில் எரிப்பதுதான். எல்லாம் முடிந்து குளித்து வந்த பிறகு தன் பையைத் திறந்தார். வேட்டிக்குள் சுற்றி வைத்திருந்ததை எடுத்தார். மாக்கல்லில் குடைந்த யானை. வயிற்றில் சன்னல் மாதிரி துளைகள். உள்ளே இன்னொரு குட்டி யானை தெரிகிறது. ஆக்ராவில் வாங்கியது. அதை ஷோகேஸில் வைத்துவிட்டு அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். தோள் குலுங்கியது. அவர் அழுதது பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபமாக இருக்கிறது. அவர் அவளை நேசித்தார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது அவளை ஒரு வேனில்கூட ஏற்றவில்லை.

மறுநாள் காலை மாடுகள் கத்தின. கறக்காமல் மடி கட்டிக்கொண்டது. மிதுன் அடுத்த ஊரிலிருந்து நிஜாம் என்பவரைக் கூட்டி வந்தான். நாலைந்து தோட்டங்களில் கறந்து கொடுக்கிறவர். அவர் மாட்டைத் தட்டிக் கொடுத்தார், மடியைக் கழுவினார், உட்கார்ந்தார், கறந்தார். எந்த மாடும் உதைக்கவில்லை. எப்போதும் போல் பால் இறக்கியது. நான் பக்கத்தில் நின்று முழுக்கப் பார்த்தேன்.

இரண்டாவது காரணமும் விலகியது. வேனும் இல்லை, மாடும் இல்லை. வீட்டில் ஒருத்தி இருக்கட்டும் என்பது மட்டும்தான் மிச்சம்.

கருமாதி முடிந்த அன்று மத்தியானம் ஹாலில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். அப்பா, அத்தை, மிதுன், பிரவீனா, நான். அஸ்தியை எங்கே கரைப்பது என்ற பேச்சு. பவானி கூடுதுறை பக்கம்தான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் அங்கேதான் கரைத்திருக்கிறார்கள்.

"ராமேஸ்வரம் போலாமுங்கண்ணா" என்றாள் அத்தை. "பாவம், அண்ணி கடலே பாத்ததில்லை. இப்பவாச்சும் பாக்கட்டும்."

நான் அவளைப் பார்த்தேன். அவள் உண்மையாகவே கண் கலங்கியிருந்தாள்.

"சாம்பலுக்கு வேன் ஆகுமுங்களா அத்தை?" என்று கேட்டேன். "வாந்தி எடுக்காதுங்களே?"

"என்ன அம்மணி, இப்படிப் பேசற?"

"கண்ணு, சும்மா இரு" என்றார் அப்பா.

மிதுன் வேன் பற்றிப் பேச ஆரம்பித்தான். யார் யார், எத்தனை சீட்டு. அத்தை விரல் மடக்கினாள். பிரவீனா பெயர் வரும்போது விரல் நின்றது.

"ஊட்டுல ஒருத்தர் இருக்கோணுமல்லோ. பிரவீனா இருக்கட்டும்."

பிரவீனா கோபியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் மிதுனைப் பார்த்தாள். அவன் கைபேசியைப் பார்த்துக்கொண்டு, "ரண்டு நாளுதானே. லீவு போட்டுக்க" என்றான்.

"நிஜாம்தான் கறக்கறாரே" என்றேன்.

"அவரு கறந்து குடுத்துட்டுப் போயிருவாரு. தீவனம் போடறது, சாணி அள்றது, சொசைட்டிக்கு ஊத்தறது? அதுவுமில்லாம வெளியாளை நம்பி எத்தனை நாளைக்கு? ஊட்டுப் பொம்பளை கை வேணும். பிரவீனாவும் மெல்லக் கத்துக்கட்டும். பள்ளிக்கூடத்து வேலையெல்லாம் கொஞ்ச நாளைக்கு விட்டாத்தான் என்ன? மகராசி, அண்ணி இருந்து எப்படிப் பாத்துக்கிட்டா!"

அத்தை எழுந்தாள். ஷோகேஸைத் திறந்தாள். மாக்கல் யானையை எடுத்துச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அதுதான் அவள் முதன்முறையாக ஒரு பொம்மையைத் துடைத்தது. பிரவீனாவின் முன்னால் வந்து குனிந்து அவள் கையில் வைத்தாள்.

"உன்ற மாமியாளுக்கு ஆசையா வாங்குனது. குடுத்து வெக்கலை. நீ வெச்சுக்க அம்மணி. இனி இந்த ஷோகேசு உன்றதுதான். நான் ராமேஸ்வரத்துல இருந்து உனக்கு நல்லதா ஒரு சங்குப் பொம்மை வாங்கிட்டு வாரேன்."

பிரவீனா நல்ல வளர்ப்பு. பெரியவர்கள் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்குவாள். வாங்கினாள். துளை வழியே குட்டி யானையைப் பார்த்தாள். உதடு பிரிந்தது. அடுத்து வரப்போகிற சொல் எனக்குத் தெரியும்.

"பிரவீனா, நல்லாருக்குதுன்னு சொல்லிப்போடாதே!"

நான் கத்தியிருக்க வேண்டும். சமையல்காரர்கள் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"என்ன ஆச்சு உனக்கு?" என்றான் மிதுன்.

"அம்மா அதைத்தான் சொன்னா. அந்த ஒரு சொல்லுதான். அதைப் புடிச்சுக்கிட்டு வாழ்நாள் பூரா அவளைக் கட்டுத்தரையில கட்டிப்போட்டீங்க. அம்மாவுக்குப் பொம்மை புடிக்காதுங்க அத்தை. உங்க அன்னமும் புடிக்காது, சிங்கப்பூர் சிங்கமும் புடிக்காது. தொடைச்சுத் தொடைச்சு இடுப்பு போச்சுன்னு எங்கிட்டச் சொன்னா."

"செத்தவ பேரைச் சொல்லிப் பொய் பேசாத! ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு சந்தோசப்படுவா தெரியுமா?"

"மரியாதைக்குச் சொன்னா. உங்களுக்கும் அது தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? அண்ணா, பாருங்க உங்க மக பேசறத! நாங்க அண்ணிக்குக் கொறை வெச்சமா?"

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரவீனா யானையை மெல்லத் தரையில் வைத்தாள். அவளுக்குக் குரல் உயர்த்தத் தெரியாது. அத்தை அவளுக்குச் சின்னம்மா முறை. அவள் அத்தை என்பது என் அம்மாவை.

"சின்னம்மா, எனக்குக் கறக்கத் தெரியாதுங்க."

"கத்துக்கலாம் அம்மணி. அதுல என்ன இருக்குது?"

"நான் கல்யாணமாகி வந்தப்பவே கத்துக் குடுங்கன்னு அத்தைகிட்டக் கேட்டனுங்க. சாயங்காலம் கூடமாட ஒத்தாசையா இருக்கலாம்னு. கட்டுத்தரைப் பக்கமே வராதேன்னுட்டாங்க."

"ஆமா, அண்ணிக்கு அவ மாடுன்னா அவ்வளவு. வேற யாரையும் தொட உடமாட்டா" என்றாள் அத்தை. வீட்டில் இதுவும் ஒரு வேடிக்கைப் பேச்சு.

"அதுக்கு இல்லீங்க." பிரவீனா அப்பாவை ஒரு முறை பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "கறக்கத் தெரிஞ்சவளத்தான் உட்டுட்டுப் போவாங்க கண்ணு, தெரியலைன்னா யாரும் ஒண்ணும் பண்ண முடியாதுன்னாங்க. தெரிஞ்சுக்கிட்டா, எல்லாரும் வேன்ல ஏறும்போது நீ வாசல்ல நின்னு கையாட்டோணும்னாங்க. கத்துக்காதேன்னு என்ற தலையில அடிச்சுச் சத்தியம் வாங்கிக்கிட்டாங்க."



எனக்கும் கறக்கத் தெரியாது. படிக்கிற பிள்ளைக்கு எதுக்கு என்று அம்மா எப்போதும் துரத்திவிடுவாள். அதற்கு இப்படி ஒரு காரணம் இருந்தது எனக்குத் தெரியாது. தன்னை எப்படிக் கட்டினார்கள் என்று அவளுக்கு முழுதாகத் தெரிந்திருந்தது. யாரையும் திட்டாமல், எதையும் உடைக்காமல், அந்தக் கயிற்றை அடுத்தவள் கைக்குப் போகாமல் தன்னோடு நிறுத்தப் பார்த்திருக்கிறாள்.

"எனக்கு இந்த யானை புடிக்கலைங்க சின்னம்மா" என்றாள் பிரவீனா. "கோவிச்சுக்காதீங்க. நானும் ராமேஸ்வரம் வாரேனுங்க."

அத்தை அழ ஆரம்பித்தாள். நன்றி கெட்ட காலம் என்றாள். மிதுன் பிரவீனாவிடம், "இதை எங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல" என்றான். "நீங்க லீவு போட்டுக்கன்னு சொன்னீங்க" என்றாள் அவள். அவன் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான்.

அப்பா எழுந்து வெளியே போனார். கட்டுத்தரையில் வைக்கோல் பிரிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து வாசற்படியிலேயே நின்றார். மேலெல்லாம் வைக்கோல் தூசி.

"நான் இருந்துக்கறேன். நீங்க போயிட்டு வாங்க."

"உங்களுக்கு முதுகு ஆகாதுங்களேண்ணா" என்றாள் அத்தை உடனே. அம்மாவின் இடுப்பைப் பற்றி அவள் அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை.

வேன் விடியலில் கிளம்பியது. அப்பா வாசலில் நின்றார். கை ஆட்டவில்லை. பிரவீனாவை ஜன்னலோரம் உட்காரச் சொன்னேன்.

ராமேஸ்வரத்தில் மிதுன் கடலில் இறங்கி அஸ்தியைக் கரைத்தான். ஐயர் சொன்ன மந்திரத்தைத் திருப்பிச் சொன்னான். அம்மா கடலைப் பார்த்துவிட்டாள் என்று அத்தை எல்லோரிடமும் சொன்னாள். நான் மறுத்துப் பேசவில்லை. சாம்பலுக்குக் கண் கிடையாது. அதைச் சொல்லி இனி ஒன்றும் ஆகப்போவதில்லை. கரையில் நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை. பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

திரும்பும் வழியில் சங்குக் கடைகள். வேன் நின்றது. அத்தை இறங்கினாள். பேத்திக்கு முத்துமாலை, மாமாவுக்கு வலம்புரி மாதிரி ஒரு சங்கு, பக்கத்து வீட்டுக்குக் குங்குமம். பேரம் பேசினாள். அன்னம், மயில், படகு என்று சிப்பிப் பொம்மைகள் வரிசையாக இருந்தன. ஒன்றையும் எடுக்கவில்லை. நான் வாசலில் நின்று கவனித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் ஒருவர் மாட்டோடு இருக்கிறார். அவருக்குப் பொம்மை வாங்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அப்போது அப்பாவின் அழைப்பு வந்தது.

"எங்கே வாறீங்க?"

"இன்னும் ராமேஸ்வரந்தானுங்கப்பா."

"இன்னும் அங்கேயா?" குரலில் களைப்பு. "சீக்கிரம் வாங்க கண்ணு. செவலை தீவனம் திங்க மாட்டேங்குது. சொசைட்டியில வேற லேட்டாப் போச்சுன்னு சத்தம் போட்டான். தனியா ஒண்ணும் முடியலை. ஊடு வேற வெறிச்சுன்னு கெடக்குது. எத்தனை நேரந்தான் ஒருத்தனே உக்காந்திருக்கறது?"

அவர் ஒரே ஒரு பகலும் ஒரு இரவும்தான் இருந்திருந்தார்.

"அப்பா."

"சொல்லு கண்ணு."

"உங்களுக்கு ஒரு பொம்மை வாங்கிட்டு வரட்டுங்களா?"

மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் ஒரு மாடு கத்தியது. நான் காத்திருந்தேன். அவரே போனை வைக்கட்டும் என்று கைபேசியைக் காதிலேயே வைத்திருந்தேன்.